ட்ரேயின் அடிப்பக்கம்

அந்த வீட்டு ஆட்கள் கையிலிருந்து ட்ரே விழுந்ததாக அந்த விருந்து மண்டபத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்பா முப்பது வருடம் தூக்கினார். அவருக்குப் பின் மூத்த மகன் தூக்கினார். இப்போது அறுபதைத் தொடப்போகும் அந்த மூத்த மகனைத்தான் சப்ளையர்கள் எல்லோரும் பெரியண்ணன் என்று கூப்பிடுவார்கள். மண்டபத்தில் சமையலறை கீழே, சாப்பாட்டுக் கூடம் மேலே, நடுவில் இருபத்திரண்டு படி. அத்தனை படியையும் பன்னிரண்டு சூப்புக் கிண்ணங்களோடு, இடது உள்ளங்கையை விரித்து, ட்ரேயைத் தோளுக்கு மேல் ஏந்தி, ஒரு துளி சிந்தாமல் ஏறுவார் பெரியண்ணன். கழுத்து வளையாது. கண் ட்ரேயின் பக்கம் திரும்பாது. பயந்து பயந்து பார்த்துக்கொண்டே தூக்குகிறவனைச் சப்ளையர் என்றே அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த வீட்டுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ட்ரே தோளுக்கு மேல் போகும்போது, உட்கார்ந்திருக்கிற விருந்தாளியின் கண்ணில் முதலில் படுவது அதன் அடிப்பக்கம். சாப்பாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் அதைத்தான் பார்க்கிறார். மேல்பக்கத்தைக் கழுவுகிறவர்கள் கழுவிக்கொள்ளட்டும், அடிப்பக்கம் நம் பொறுப்பு என்று அப்பா வைத்துவிட்டுப் போன வழக்கம் அது. விருந்து நாள் விடிந்ததும் கொஞ்சம் பாலிஷை விரலில் எடுத்து, பழைய துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, முகம் தெரிகிற வரைக்கும் விடமாட்டார் பெரியண்ணன். அவர் காலையில் கண்ணாடி பார்ப்பதில்லை, ட்ரே இருக்கும்போது கண்ணாடி எதற்கு என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். அந்தக் கேலி அவருக்கு உள்ளூரப் பிடிக்கவும் பிடிக்கும்.

அவருடைய தங்கையும் அதே மண்டபத்தில்தான் சப்ளையர். பதினான்கு வருடமாகத் தூக்குகிறாள். எட்டு மாதமாக அவளுக்கு இடது மணிக்கட்டு சரியில்லை. கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். விடிகாலையில் விரல்கள் மரத்துப்போய், யாரோ ஒருத்தருடைய கை தன் பக்கத்தில் படுத்திருப்பது மாதிரி இருக்கிறது என்றாள். பெரியண்ணனுக்கு நாற்பது வருடத்தில் ஒரு நாளும் மணிக்கட்டு வலித்ததில்லை. தனக்கு வராத வலியை அவர் நம்புகிறவரும் இல்லை. உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் விரி, சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

சரியாகவில்லை. இரண்டு தடவை அவள் பன்னிரண்டாவது படியில் ட்ரேயை இறக்கிவைத்துவிட்டுக் கையை உதறினாள். இரண்டு தடவையும் மேனேஜர் பார்த்துவிட்டார். மூன்றாவது தடவைக்கு அவர் காத்திருக்கவில்லை. தட்டு கழுவுகிற பகுதிக்குப் போய்விடு, அங்கே படி ஏற வேண்டாம் என்றார். அந்த மனுஷர் அதை உதவியாக நினைத்துத்தான் சொன்னார். பதினான்கு வருடம் கூடத்தில் நிமிர்ந்து நடந்தவளுக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியாது. அவள் அங்கேயே நின்று, என் வீட்டுக்காரர் ஒரு ட்ரே செய்துகொண்டிருக்கிறார், வியாழக்கிழமை அதில் தூக்கிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் திங்கட்கிழமை முதல் கழுவுகிற பகுதிக்குப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்காரர் தகர வேலைக்காரர். ஒரே வீட்டில்தான் எல்லோரும். முன்கட்டில் பெரியண்ணனும் அவர் மனைவியும். பின்கட்டில் தங்கை குடும்பம். பக்கத்தில் ஒட்டினாற்போல் தகரப் பட்டறை. மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார். மனைவியின் கையைச் சுவரோரம் நிறுத்தி வைத்து, நூல் பிடித்து அளந்துகொண்டார். மணிக்கட்டு பின்பக்கமாக மடங்குவதால்தான் வலி, மடங்காமல் இருந்தால் பாரம் வேறு எங்கே போகும் என்று மூன்று வாரம் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அலுமினியத் தகட்டில் நீள்வட்டமாக ஒரு ட்ரே வெட்டினார். அதன் அடியில், குழாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போல ஒரு பள்ளத்தைப் பொருத்தினார். முன்னங்கை அதற்குள் படுத்துக்கொள்ளும். முன்னால் ஒரு சின்னப் பிடி கீழ்நோக்கித் தொங்கும். விரல்கள் அதைப் பற்றிக்கொண்டால் மணிக்கட்டு நேராக நிற்கும், பாரம் முழுக்க முன்னங்கையில் உட்காரும். வழுக்காமல் இருக்கப் பள்ளத்திலும் பிடியிலும் சைக்கிள் ட்யூப் ரப்பரை வெட்டி ஒட்டினார்.

பெரியண்ணன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். ட்ரே நெஞ்சுக்குக் கீழே நிற்கிறது. அதில் அவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை.

"என்ன மாப்பிள்ளை, குழந்தையை இடுப்புல வச்ச மாதிரி இருக்கு. சோறூட்டப் போறாளா, பரிமாறப் போறாளா?"

அதை அவர் பட்டறையில் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மண்டபத்தில் சப்ளையர்கள் கூடியிருக்கும்போதும் சொன்னார். சிரித்தார்கள். மீசை என்று பட்டப்பெயர் கொண்ட சப்ளையர் மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகமாகவே சிரித்தான். அவனுக்குப் பெரியண்ணனுடைய இடத்தின் மேல் பத்து வருடமாக ஒரு கண்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேனேஜர் முன்னால், சப்ளையர்கள் எல்லோரும் படிக்கட்டின் இரண்டு பக்கமும் நிற்க, தங்கை புது ட்ரேயில் பன்னிரண்டு கிண்ணம் சூப்போடு ஏறினாள். ஒன்பது படி அழகாக ஏறினாள். பத்தாவது படியில் ட்ரே அவள் கையைச் சுற்றிக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிந்தது. பிடியை இறுக்கினாள். பிடி கையில் நிற்காமல் நழுவியது. அவ்வளவுதான். பன்னிரண்டு கிண்ணமும் படிப்படியாக உருண்டு கீழே போயின. கொதிக்கிற சூப்பு அவளுடைய வலது காலில் கொட்டியது.

அவள் கத்தவில்லை. அந்த வீட்டுப் பெண் பொது இடத்தில் கத்தமாட்டாள். மேனேஜர் மருந்துப் பெட்டி கொண்டுவரச் சொன்னார். பிறகு, திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். எங்கே என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

பெரியண்ணன் குனிந்து ட்ரேயை எடுத்தார். பள்ளத்துக்குள் கைவிட்டார். ரப்பர் விரலுக்கடியில் மீன் மாதிரி வழுக்கியது. விரலை மோந்து பார்த்தார், பாலிஷ் வாடை அடித்தது.

அன்று காலை ஆறு மணிக்கு, யாரும் எழுந்திருக்காதபோது, அவர் பட்டறைக்குள் போயிருந்தார். மேஜைமேல் அந்த ட்ரே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பிடிக்கவில்லைதான். ஆனாலும் அது இன்னும் ஐந்து மணி நேரத்தில் அத்தனை பேர் முன்னால் போகப்போகிறது. அலுமினியத்தில் சுத்தியல் தழும்பு. ரப்பர் சாம்பல் பூத்து, ஏதோ குப்பையிலிருந்து பொறுக்கியது போல இருந்தது. இதைத் தூக்கிக்கொண்டு என் தங்கை நிற்பதா என்று அவருக்குத் தாளவில்லை. பாலிஷ் டப்பாவைக் கொண்டுவந்தார். தகட்டைத் தேய்த்தார். பள்ளத்தைத் தேய்த்தார். பிடியைத் தேய்த்தார். அந்தப் பாலிஷில் பாதி எண்ணெய் என்பது நாற்பது வருடமாக அவர் விரலுக்குத் தெரியும். அன்று தலைக்கு எட்டவில்லை. ரப்பர் கருகருவென்று மின்னிய பிறகுதான் அவர் மனம் ஆறியது. நாமும் நம் பங்குக்கு ஏதோ செய்தோம் என்று திருப்தியோடு வெளியே வந்து தேநீர் குடித்தார்.

இப்போது அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஊர் முழுக்கக் கேலி பேசிய வாய். அந்த வாயே வந்து, நல்ல எண்ணத்தில்தான் தடவினேன் என்றால் எவன் நம்புவான்? தங்கை ஜெயித்துவிடக் கூடாது என்று அண்ணனே எண்ணெய் தடவினான் என்பார்கள். அப்பா பெயர், அவர் பெயர், நாற்பது வருடம் எல்லாம் ஒரே நாளில் சிரிப்பாய்ச் சிரிக்கும். பேசாமல் இருந்துவிட்டால் ஒரு தகட்டின்மேல் பழி போகும். தகட்டுக்கு மானம் இல்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்கட்டிலிருந்து பின்கட்டுக்குப் போனார். தங்கை காலில் கட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். இருக்கிறது என்றாள். திரும்பி வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனார். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பினார். தேநீர் கேட்டார், குடிக்கவில்லை. செய்தித்தாளைப் பிரித்தார், தலைகீழாகப் பிடித்திருந்தார். இப்படியே நடந்தால் அடுத்த வாரம் தரை போட ஆள் கூப்பிட வேண்டியிருக்கும் என்றாள் மனைவி. அவளிடமாவது சொல்லியிருக்கலாம். அவள் முப்பத்தைந்து வருடமாக அவருடைய நிமிர்ந்த முதுகைப் பார்த்தே வாழ்ந்தவள். வாய் வரை வந்ததை மென்று முழுங்கினார்.

பட்டறையிலிருந்து சத்தம் ஓயவில்லை. மாப்பிள்ளை அந்த ட்ரேயை விழுந்த அன்றே சோப்புத் தண்ணீரில் முக்கிச் சூப்புப் பிசுக்கைக் கழுவியிருந்தார். பிறகு தன் கையில் மாட்டிக்கொண்டு, செங்கல் அடுக்கி, பட்டறைக்குள் நடந்து நடந்து பார்த்தார். விழவில்லை. அது அவரை இன்னும் குழப்பியது. என் கைக்கு நிற்கிறது, அவள் கைக்கு நிற்கவில்லை, அப்படியானால் அளவு தப்பு என்று முடிவுகட்டி, பள்ளத்தை நெருக்கினார், அகட்டினார், மறுபடி நெருக்கினார். வெள்ளி இரவும் சாப்பிடவில்லை, சனி காலையும் சாப்பிடவில்லை. பெரியண்ணன் பட்டறை வாசலை எட்டு முறையாவது கடந்திருப்பார். ஒவ்வொரு முறையும் சத்தம் ஒரு கணம் நிற்கும். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்ப்பார். பெரியண்ணன் நடந்துவிடுவார்.

சனிக்கிழமை மதியம் சத்தம் நின்றது. நின்ற சத்தம் திரும்ப வரவே இல்லை. அது அவரை உள்ளே இழுத்தது. மாப்பிள்ளை ட்ரேயை மடியில் வைத்துக்கொண்டு, தகரம் வெட்டுகிற கத்திரியைக் கையில் எடுத்திருந்தார். ஓரத்தில் ஏற்கெனவே இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டுப் பட்டிருந்தது. பக்கத்தில் கட்டுப்போட்ட காலை நீட்டியபடி தங்கை உட்கார்ந்திருந்தாள். அவள் தடுக்கவில்லை.

"வெட்டாதீங்க மாப்பிள்ளை" என்றார் பெரியண்ணன்.

"எதுக்கு வச்சிருக்கணும் மச்சான்? அவ கால்ல கொட்டினது போதாதா?"

"ட்ரே மேல தப்பில்லை. அன்னைக்குக் காலையில நான் அதுக்குப் பாலிஷ் போட்டேன். ரப்பருக்கும் சேர்த்து."

மாப்பிள்ளை கத்திரியைக் கீழே வைக்கவில்லை. அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, ஒரு கணக்கு. சோப்பு போட்டுக் கழுவிய பிறகு செங்கல் ஏன் விழவில்லை என்று அவருக்கு இப்போது புரிந்தது. புரிந்த பிறகுதான் கோபம் வந்தது.

"நீங்க அதைப் பத்தி ஊரெல்லாம் என்ன பேசினீங்கன்னு எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வேணும்னே செஞ்சீங்களா?"

மூன்று நாளாக அவர் பயந்த கேள்வி. வெளியாள் கேட்பான் என்று பயந்தார். வீட்டுக்குள்ளேயே கேட்டாகிவிட்டது. சத்தியம் செய்யலாமா என்று ஒரு கணம் நினைத்தார். சத்தியம் செய்துதான் நம்பவைக்க வேண்டிய நிலைமைக்கு அந்த வீடு வந்ததில்லை.

"எனக்கு அது பிடிக்கலை. இன்னைக்கும் பிடிக்கலை. ஆனா நம்ம வீட்டிலேருந்து போற பொருள் அழுக்கா போகக் கூடாதுன்னு தேய்ச்சேன். அவ்வளவுதான். இதுக்கு மேல என்கிட்ட சாட்சி இல்லை."

தங்கைதான் வாயைத் திறந்தாள். அவள் குரலில் ஆறுதல் இல்லை.

"எங்க அண்ணன் வேணும்னு செய்யமாட்டார்" என்று புருஷனிடம் சொன்னாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "ஆனா மூணு நாள் பேசாம இருந்தீங்களே, அது வேணும்னு செஞ்சதுதானே அண்ணா?"

கேலி பேசவும், கட்டளை போடவும், நியாயம் சொல்லவும் பழகியவர், அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து, தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். வந்தவர் ட்ரேயைக் கேட்டார். எதற்கு என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. வெட்டுப்பட்ட ஓரத்தைச் சுத்தியலால் மடித்துத் தட்டி, அவர் கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பெரிய விருந்து. இருநூறு பேர். பத்தரை மணிக்கு மேனேஜர் சப்ளையர்களைக் கூட்டி யாருக்கு எந்த மேஜை என்று பிரித்துக்கொடுப்பது வழக்கம். அவர் தாளைப் பிரித்ததும் பெரியண்ணன் முன்னால் வந்து நின்றார். வியாழக்கிழமை நடந்ததற்குக் காரணம் தான்தான் என்றார். எப்போது, எங்கே, எதைத் தடவினார் என்று ஒன்று விடாமல் சொன்னார். தலை குனியவில்லை. தலை குனிந்து சொல்வதற்கு அவருக்குத் தெரியவும் தெரியாது.

மேனேஜர் நம்பவில்லை. அதுவும் பெரியண்ணன் எதிர்பார்க்காத விதத்தில் நம்பவில்லை. தங்கைக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று அந்த மனுஷருக்குத் தோன்றிவிட்டது. உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும், ஆனால் மண்டபத்தை நல்ல மனசில் நடத்த முடியாது என்று தோளைத் தட்டினார். பெரியண்ணனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செய்யாத நல்லதற்குப் பாராட்டு வாங்குவது அவர் வீட்டில் வசவு வாங்குவதைவிடக் கேவலம்.

அவர் கையோடு கொண்டுவந்திருந்த பாலிஷ் டப்பாவைத் திறந்தார். எல்லோர் முன்னாலும் தங்கையின் ட்ரேயில் இருந்த ரப்பரில் தேய்த்தார். கையில் மாட்டினார். அடுக்கியிருந்த வெறும் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு படியேறினார். நாலாவது படியில் ட்ரே கையைச் சுற்றிச் சரிந்தது. வலக்கையால் தாங்கிப் பிடித்தார். இறங்கி, சமையலறைக்குள் போய், கொதிநீரும் சோப்பும் போட்டு ரப்பரைத் தேய்த்துக் கழுவி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தார். ரப்பர் பழையபடி சாம்பல் பூத்து நின்றது. இப்போது கிண்ணங்களில் சூப்பு ஊற்றச் சொன்னார். பன்னிரண்டு.

நெஞ்சுக்குக் கீழே ட்ரேயை வைத்துக்கொண்டு அவர் ஏறுவதை அந்த மண்டபம் அதுவரை பார்த்ததில்லை. அவர் எப்போதும் போல ஏறவும் இல்லை. இந்த ட்ரேக்கு வேறு நடை வேண்டியிருந்தது. முழங்கையை இடுப்போடு ஒட்ட வேண்டும், காலைச் சின்னதாக எடுத்து வைக்க வேண்டும். பத்தாவது படி. பன்னிரண்டாவது படி. ஆவி முகத்தில் அடித்தது. தோளுக்கு மேல் தூக்குகிறவனுக்குச் சூப்பின் வாசனை தெரியாது. இவ்வளவு மிளகு போடுகிறார்களா என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு படியும் ஏறி, கூடத்தைச் சுற்றி வந்து, கடைசி மேஜையில் இறக்கினார். மேஜை விரிப்பில் ஒரு துளி இல்லை.

மேனேஜர் கிண்ணங்களையும் ட்ரேயையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். திங்கட்கிழமை தங்கையைக் கூடத்துக்கே வரச் சொல்லுங்கள், கால் ஆறவில்லை என்றால் ஆறியதும் வரட்டும், இந்த ட்ரேயில் ஒரு மாதம் பார்ப்போம் என்றார். பழைய ட்ரேயைத் தூக்க முடியாமல் தைலம் தடவிக்கொண்டு வருகிற இன்னும் இரண்டு பேர் பின்னால் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

படியில் இறங்கும்போது மீசையின் குரல் கேட்டது. மெதுவாகத்தான் சொன்னான், கேட்கிற அளவுக்கு மெதுவாக.

"பொறாமையில தடவிட்டு, வீட்டுல மாட்டிக்கிட்டதும் இங்க வந்து யோக்கியர் வேஷம். தங்கச்சி பாவம்."

சிலர் அவனை அடக்கினார்கள். சிலர் அடக்கவில்லை. அந்தச் சிலர் யார் யார் என்று பெரியண்ணன் பார்த்துவைத்துக்கொண்டார். நாற்பது வருடத்தில் அவர் காதுபட ஒருவரும் அப்படிப் பேசியதில்லை. திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பாதி பேர் அவர் பக்கம் வந்திருப்பார்கள். ஆனால் மணி பதினொன்றேகால். கீழே சமையலறையில் இருநூறு பேருக்கான சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. அவர் அடுத்த ட்ரேயை எடுத்துக்கொண்டு ஏறினார். இன்னும் எத்தனை நாள் இந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு ஏற வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மேனேஜர் சொன்னதை மட்டும் சொன்னார். தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லார் முன்னாலயும் சொன்னீங்களா?"

"ஆமா."

"நம்பினாங்களா?"

"மேனேஜர் நம்பினார்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால் ஆறட்டும் என்று மாப்பிள்ளை சொன்னதைக் காதில் வாங்காமல் ட்ரேயைக் கையில் மாட்டினாள். டம்ளர்களில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பச் சொன்னாள். அண்ணி நிரப்பிக்கொடுத்தாள். கட்டுப்போட்ட காலை இழுத்து இழுத்து, அடுப்படியிலிருந்து வாசல் வரை நடந்தாள், வாசலிலிருந்து அடுப்படிக்குத் திரும்பினாள். இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போதும், உட்காரு" என்றார் பெரியண்ணன்.

"இன்னும் நடை படியலை. நீங்க வழியை விடுங்க."

நடுவில் கிடந்த முக்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, அவர் ஒதுங்கி நின்றார். அவள் மறுபடி வாசலுக்கு நடந்தாள்.